கனகரத்தினத்தின் வாழைமர நோட்டுகள்

ஓடுகிறேன். கோலாலம்பூர், செந்தூல் ரயில் பட்டறை. 1945 பெப்ரவரி. பட்டப்பகல். தலைக்கு மேலே அமெரிக்க விமானங்கள். முதலில் நீண்ட விசில் சத்தம். பிறகு நிலம் தூக்கிப் போடுகிறது.

"படுங்கோ! நிலத்திலை படுங்கோ!"

கத்துவது கனகரத்தினம். பட்டறைக் களஞ்சியக் கிளாக்கர். தண்ணீரூற்று ஆள். நான் பக்கத்து ஊர், முள்ளியவளை. ஒரே அறையில் இருந்தோம். நான் படுத்தேன். அவர் படுக்கவில்லை. கூலியாட்கள் இரண்டு பேரைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளிக்கொண்டு நின்றார். அடுத்த குண்டு அங்கேதான் விழுந்தது.

புகைக்குள் தேடிப் பிடித்தேன். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை.

"என்ரை பெட்டிக்குள்ளை காசு கிடக்கு. மனுசியிட்டைக் குடு."

அவ்வளவுதான் பேசினார்.

பெட்டிக்குள் யப்பான்காரன் அடித்த நோட்டு. ராசாவின் தலை இல்லை. வாழைமரமும் குலையும். வாழைமர நோட்டு என்போம். கடிதம் இல்லை, கப்பல் இல்லை. ஊருக்கு அனுப்ப வழியில்லாமல் அரை வயிற்றோடு சேர்த்தது. செப்ரெம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அந்த நோட்டுச் செல்லாது என்றான். சனம் தெருவில் கொட்டியது. கால்களுக்குள் மிதிபட்டது. கனகரத்தினத்தின் நோட்டுக்கட்டை நான் கொட்டவில்லை.

1946இல் ஊர் வந்தேன். அவருடைய மனைவி பொன்னம்மாவிடம் கட்டைக் கொடுத்தேன். தகப்பன் கப்பலேறும்போது மகள் கைக்குழந்தை. இப்போது கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"இது இப்ப செல்லாது, தங்கச்சி."

"இப்பதானே செல்லாது, அண்ணை."

1957. ஒரு கதை அடிபட்டது. அந்தக் காசை யப்பான் மாற்றித் தரப்போகிறதாம். மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் எங்கள் பக்கம் சில இருந்தன. சைக்கிளில் வீடு வீடாகப் போய் நோட்டுச் சேர்த்தேன். ஒரு வீட்டில் கறையான் தின்ற மிச்சம். ஒரு வீட்டில் அலுமாரித் தட்டுக்கு விரித்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளைகள் அதை வைத்துக் கடை விளையாடினார்கள். பொன்னம்மாவின் கட்டு மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கல்வீடு கேட்டார்கள். இந்தக் காசை நம்பிப் பொன்னம்மா ஓமென்று சொல்லிவிட்டா.

பையோடு வவுனியா அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த கிளாக்கர் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"ஐயா, யப்பானிட்டை நட்டஈடு வேண்டாமெண்டு எங்கடை அரசாங்கம் எப்பவோ சொல்லிப்போட்டுது. இனி ஆரிட்டைக் கேக்கிறது?"

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரண்டு நல்ல தாள் தாறியளோ? நான் பழைய நோட்டுச் சேர்க்கிறனான்."

"அது என்ரையில்லை" என்று பையைக் கட்டினேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கத் திரும்பவும் வீடு வீடாகப் போனேன். சிலர் கை நீட்டவே இல்லை. அடுப்பில் போடச் சொன்னார்கள். பொன்னம்மாவிடம் கடைசியாகத்தான் போக முடிந்தது. மகள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல, துருவும் சத்தம் நின்றது.

"அப்ப ஒண்டுமில்லையோ, அண்ணை?"

"ஒண்டுமில்லை."

"அவையளுக்கு நான் என்ன சொல்லுறது?"

கட்டை அவவின் கையில் வைத்துவிட்டு வந்தேன். சம்பந்தம் முறிந்தது. பிறகு வந்தவர்களும் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறக்கக்கூடாது. அதனால் எழுதுகிறேன். கோலாலம்பூரில் அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர். கனகரத்தினம் குண்டில் போனார். செல்லையாவை யப்பான்காரர் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. தம்பிராசாவுக்கு வயிற்றோட்டம். மார்க்கண்டுவுக்கு மலேரியா. எங்கள் எல்லோருடைய நோட்டையும் சேர்த்தும் கொயினா மருந்து வாங்கப் போதவில்லை. நான்கு உயிர். மூன்றரை வருட உழைப்பு. கட்டாத கல்வீடு ஒன்று. நடக்காத கலியாணம் ஒன்று.