வண்டி போன பிறகு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. திருவண்ணாமலை ரயிலடியிலிருந்து அடி அண்ணாமலை போகும் டவுன் பஸ்ஸில் முன் சீட்டுப் பெரியவர் மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பட்டாளத்துல இருந்த காலம் பூரா இந்த ஸ்டேஷன்லதான் ரயில் ஏறினேன். பிளாட்பாரத்துல நின்னு கை காட்டினது இன்னைக்குத்தாம்மா."

மருமகனும் பட்டாளத்துக்காரராம். லீவு முடிந்து கிளம்பியவரை வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறார்கள். அதற்காகவே பெரியவர், போரில் வாங்கிய பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்திருந்தார். மகள் கண்ணைத் துடைத்தபடி இருந்தாள்.

"உன்னைப் பட்டாளத்துக்காரனுக்குக் கட்டிக் குடுக்க வேணாம்னு உங்கம்மா அப்பவே சொன்னா. நான்தான் கேக்கல. நிக்கறவங்களுக்கு இவ்ளோ கஷ்டம்னு தெரியாதும்மா. அவ என்னைச் சிரிச்சிட்டுத்தானே அனுப்புவா?"

"உங்க வண்டி மறையற வரைக்கும் சிரிப்பாங்கப்பா. அப்புறம் அங்கயே பெஞ்சுல உட்கார்ந்து அழுவாங்க. நான்தான் எழுப்பிக் கூட்டிட்டு வருவேன்."

பெரியவர் மகள் பக்கம் திரும்பினார்.

"உயிரோட இருந்தப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நானும் கேட்டேம்பா. 'சொன்னா உங்கப்பா அடுத்த தடவை எப்படிடி வண்டி ஏறுவாரு?'ன்னாங்க."