காயாத ஜாடி

— இந்தக் கல்லு வரிசையையும் பிரிச்சுடலாம்.

— ஏம்ப்பா? நேத்துதானே வெச்சோம்.

— மட்டமா இல்ல. ரசமட்டத்தை வெச்சுப் பாரு, குமிழி ஒரு பக்கமா ஓடுது.

— எங்க ஓடுது? நட்ட நடுவுல குந்தியிருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.

— கண்ணாடி போட்டா எல்லாமே ஓடுது. எதுக்கு வம்பு? பிரிச்சுட்டுத் திரும்ப வெப்போம்.

— அப்பா, நீ வெல்டு வெச்ச கேட்டுல பாதி சாத்தவே சாத்தாது. இவ்ளோ காலம் பட்டறைல பார்க்காத மட்டத்தை இந்தச் சூளைக்கு மட்டும் பார்க்கற.

— கேட்டு சாத்தலேன்னா நாய் வரும், அவ்ளோதானே? இது காஸு, பெரியவளே.

— காஸுக்குத்தான் ட்யூபு முழுக்க சோப்பு நுரை தடவிப் பார்த்தாச்சே. ஒரு இடத்துல கூட குமிழி ஊதல. பர்னரைத் தனியா வெளிய வெச்சு எரிச்சாச்சு, நீலமா எரிஞ்சுது, நீயே பார்த்த. புகை போற ஓட்டைக்குத் தகடு நீதான் வெட்டிக் குடுத்த. வேற என்ன வேணும் உனக்கு?

— அது கெடக்கட்டும். எனக்கு இந்தக் கல்லு மேலயே நம்பிக்கை இல்ல. கையில எடுத்தா ரொட்டி மாதிரி இருக்கு. ரம்பத்தைப் போட்டா மாவாக் கொட்டுது. இதைப் போய் செங்கல்லுங்கற.

— அப்படித்தான் இருக்கணும். உள்ள பூரா காத்துப் பொத்தல், அதனாலதான் சூடு வெளிய ஓடாது. சாதாரண செங்கல்லை வெச்சா பாதி காஸ் செவுத்தைச் சுட வைக்கவே போயிடும். சின்னவ இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பா?

— சொன்னா, சொன்னா. சாப்பிடும்போது சொன்னா. நான் குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னு சொன்னா.

— அப்ப காதுல வாங்கிக்கல. இப்பவும் வாங்காதே. நான் இந்த வரிசையைப் பிரிக்க மாட்டேன்.

— சரி, பிரிக்காதே. கதவுக் கீலையாவது மாத்திடுவோம்.

— மாத்தியாச்சு. போன வாரம் மாத்தினோம். அதுக்கு முந்தி சட்டம் ஆடுதுன்னு சொன்ன, மூலைக்கு மூலை குறுக்குக் கம்பி வெல்டு வெச்சோம். அதுக்கு முந்தி தரை சரியில்லன்னு மொத்தத்தையும் தூக்கி நகர்த்தினோம். ஒரு சின்ன சூளைப்பா இது. ரெண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிச்சா கை முட்டும். இதைக் கட்டறதுக்குள்ள ஒரு வீடு கட்டியிருக்கலாம்.

— நல்லா நின்னு நிதானமா செய்யணும்ல.

— நிதானமா? உனக்கா? நீ நாலு கேட்டை ஒரே நாள்ல முடிச்சுட்டு சாயங்காலம் சீட்டாடப் போற ஆளு. என்னை ஏமாத்தாதே. நீ வேணும்னே இழுக்கற.

— என்னத்துக்கு இழுக்கணும் நான்?

— அதைத்தான் கேக்கறேன். சின்னவ வேலைன்னா எப்பவும் உனக்கு இளக்காரம். எனக்குக் காலேஜு, நான் படிச்ச பொண்ணு, இந்தக் குடும்பத்துல முதல் டிகிரின்னு பட்டறைக்கு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொன்ன. அவ ஸ்கூல்ல ஃபெயிலாயிட்டு மண்ணைப் பிசைஞ்சா. அவளைப் பத்தி யார் கேட்டாலும் 'அது என்னமோ பொம்மை செய்யுது'ன்னுதானே சொன்ன?

— இல்லேங்கல.

— இப்பவாவது அவ வேலையை ஒழுங்கா முடிச்சுக் குடு. கல்லு அவ வாங்கினது. கொஞ்சம் கொஞ்சமா, ஸ்கூட்டர் முன்னாடி வெச்சுக் கொண்டுவந்து இந்த ஷெட்டுல அடுக்கினா. உள்ள சுத்தறதுக்குச் சூடு தாங்கற பஞ்சுப் போர்வை அவ வாங்கினது. பர்னர் அவ வாங்கினது. நம்ம வேலை அடுக்கறது மட்டும்தான். அதைக் கூட செய்ய மாட்டோம்னா எப்படி?

— செய்யாம என்ன. அவ ஜாடி இதுக்குள்ள போகுமா, முதல்ல அதைச் சொல்லு. பெரிசா இருக்கு. தட்டு வெச்சா மேல இடிக்கும் போல.

— இடிக்காது. இன்னும் சுருங்கும் அது. காயும்போது கொஞ்சம், வேகும்போது கொஞ்சம். மொத்தத்துல பத்துல ஒரு பங்கு போயிடும். தண்ணி இருந்த இடமெல்லாம் காலியாகும்ல, மண்ணு நெருங்கி உக்காந்துக்கும். முந்தாநாள் அம்மா டீ கொண்டுவந்தப்ப இதையேதான் கேட்டுது. ஜாடி மட்டும் சுருங்குமா, அதுல இருக்கற விரல் பள்ளமும் சுருங்குமான்னு. எல்லாமேதாம்மா சுருங்கும்னு சொன்னேன். மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உள்ள போயிடுச்சு. டீயைக் கூட கீழ வைக்காம திருப்பி எடுத்துட்டுப் போயிடுச்சு.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. சூளையில வெக்கணும்னா அது காஞ்சிருக்கணும்ல? காஞ்சிடுச்சா?

— அங்கதான் எனக்கு மண்டை காயுது, அது காய மாட்டேங்குது. இன்னிக்குக் காலையில கன்னத்துல வெச்சுப் பார்த்தேன். காஞ்ச மண்ணுன்னா கன்னத்துல ஒண்ணும் தெரியாது. ஈரம்னா சில்லுன்னு இருக்கும். இது சில்லுன்னு இருக்கு. பக்கத்துப் பலகையில இருக்கற கிண்ணமெல்லாம் எலும்பாட்டம் காஞ்சு கெடக்கு, இது மட்டும் நேத்து செஞ்சாப்ல இருக்கு. நான் வந்த அன்னிக்கே சுத்தியிருந்த ஈரத் துணியை எடுத்துட்டேன். கவரை எடுத்துட்டேன். ஜன்னலைத் திறந்து விட்டு ஃபேனைப் போட்டேன். ஒரு மாசமா ஃபேன் ஓடுதுப்பா.

— மண்ணு கனமா இருக்குமோ என்னமோ.

— அவ அவ்ளோ கனமாச் செய்ய மாட்டா. இன்னொண்ணும் பார்த்தேன். அது தோள்ல சுத்தி வரிசையாக் கட்டைவிரலை வெச்சு அழுத்தியிருப்பா பாரு, அவ செய்யறது எல்லாத்துலயும் அது இருக்கும். அவளுக்குக் குச்சி விரல். 'பென்சிலால குத்தினியாடி'ன்னு நான் கேலி பண்ணுவேன். அந்தப் பள்ளமெல்லாம் இப்ப மழுங்கினாப்ல தெரியுது. கூரைதான் ஒழுகுதோன்னு ஏணி வெச்சு ஏறிப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்ல.

— சாரல் அடிச்சிருக்கும்.

— மழை எங்க பெஞ்சுது? இரு, நீ எங்க போற? கையை வெக்காதே அதுல. தொடாதே. ஈர மண்ணுப்பா. கடைசியா யார் தொட்டாங்களோ அவங்க கைதான் அதுல நிக்கும். அவ கை நிக்கட்டும்.

— தொடல. சும்மா பார்த்தேன். பிடிக்கற காது ஒண்ணுதான் வெச்சிருக்கா.

— ஆமா. ஒத்தைக் காது. அம்மாகிட்ட சொல்லிட்டுதான் போயிருக்கா. 'இன்னொரு காதை வந்து ஒட்டிக்கிறேன், காய விட்டுடாதம்மா, காஞ்சா ஒட்டாது'ன்னு. கிண்ணம் இருந்த பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கா. யாரோட சூளைக்கோ. அவங்க கூப்பிட்ட நாளைக்கு, அவங்க குடுத்த மூலையில வெச்சு சுட்டு வாங்க. பஸ்ஸுல கூட்டம். படியில நின்னிருக்கா. கம்பியைப் பிடிக்கல. ஏன் பிடிக்கல? சுடாத மண்ணு, ஒரு இடி தாங்காது. ரெண்டு கையாலயும் பெட்டியைப் பிடிச்சிருந்திருக்கா. பிரேக் போட்டான். அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணு கூட உடையலப்பா. அந்தா பலகையில இருக்கு பாரு, அத்தனையும் முழுசு.

— போதும்மா.

— எனக்குப் போதாது. சுடாத வரைக்கும் அது வெறும் மண்ணு. ஒரு வாளி தண்ணி கவுந்தா சேறு. அவ இருந்தாங்கறதுக்கு இந்த வீட்டுல வேற என்ன இருக்கு? சுட்டுட்டா கல்லு மாதிரி நிக்கும், நாம செத்த பிறகும் நிக்கும். நாளைக்குச் சின்னத் தீ வெச்சு சூளைக்குள்ளயே அதைக் காய வெக்கப் போறேன். நீ வந்தாலும் சரி, வரலேன்னாலும் சரி.

— ஈரமா வெச்சா வெடிக்கும்னு நீதானே சொன்ன?

— மெதுவா ஏத்தினா வெடிக்காது. கதவைத் திறந்து வெச்சு, ஒரே ஒரு பர்னரை... யாரு அது? அம்மாவா? அம்மா, எங்க இருந்து வர்ற? நாங்க ரெண்டு பேரும் சூளைகிட்டதானே இருக்கோம், நீ எப்ப அந்த ஜாடிப் பக்கம் போன?

— பின்னாடி கதவு வழியா வந்தேன். பெருக்கலாம்னு.

— தொடப்பம் எங்க?

— இங்கதான் எங்கயோ... வெச்சேன்.

— உன் கை ஏன் ஈரமா இருக்கு?

— பெரியவளே, பாத்திரம் கழுவிட்டு வந்திருப்பா. நீ இந்தக் கல்லைப் பிடி.

— நீ சும்மா இருப்பா. அம்மா, கையைக் காட்டு. நகத்துல மண்ணு. சேத்து மண்ணு. முந்தானைக்குள்ள என்ன? எடு. ஈரத் துணி. நான் கழட்டிப் போட்ட அதே துணி. நீதானா? தினமும் நீதான் இதை நனைச்சியா?

— நீ எந்திரிக்கறதுக்குள்ள சுத்தி வெச்சு எடுத்துடுவேன். இன்னிக்குக் கொஞ்சம் நேரமாயிடுச்சு.

— அப்பா, உனக்குத் தெரியுமா? என்னைப் பாரு. தெரியும்ல? அதுக்குத்தான் கதவு சரியில்ல, கீல் சரியில்ல, மட்டம் சரியில்லன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு...

— உங்கம்மா அந்த ஜாடிகிட்ட நிக்கறப்பதான் ரெண்டு வார்த்தை பேசறா. வீட்டுக்குள்ள வந்தா வாயே திறக்கறதில்ல. நான் என்ன செய்யட்டும்? சூளையைச் சீக்கிரம் முடிச்சுக் குடுத்து அதையும் பிடுங்கட்டுமா?

— யாருகிட்டம்மா பேசற? மண்ணுகிட்டயா? அவ வர மாட்டா. இன்னொரு காதை வந்து ஒட்ட மாட்டா. காய விடாதேன்னு அவ சொன்னது ஒரு மத்தியானத்துக்கு. வாழ்நாளுக்கு இல்ல.

— தெரியும்.

— என்ன தெரியும்? தெரிஞ்சா இப்படிச் செய்வியா?

— எனக்குத் தெரியாதா, பொண்ணே? நான்தானே அவளுக்குத் தலை துவட்டிவிட்டு அனுப்பினேன், கடைசியா. நீ வந்து சேரவே இல்ல அப்ப.

— ஆமா, வந்து சேரல. வேலை தேடி அலைஞ்சுக்கிட்டிருந்தேன். ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். இந்தச் சூளை அன்னிக்கே இங்க இருந்திருந்தா அவ எதுக்கு பஸ் ஏறணும்? கல்லு இருந்துச்சு, பர்னர் இருந்துச்சு. யாரு வேண்டாம்னா? 'வீட்டுல காஸ் வெச்சு நெருப்பு மூட்டக் கூடாது, வெடிச்சா வீடே போயிடும், நான் இருக்கற வரைக்கும் விட மாட்டேன்'னு யாரு குறுக்க வந்து நின்னா? பாரும்மா, நல்லாப் பாரு. வீடு பத்திரமா இருக்கு.

— ஏய். அவளைப் பெத்தவடி அது.

— சொல்லட்டும் விடுங்க. நான் தினமும் எனக்குச் சொல்லிக்கறதுதான். இவ சத்தமாச் சொல்றா, அவ்ளோதான்.

— அம்மா... நான் அப்படி...

— அப்படித்தான் சொன்ன. சரியாத்தான் சொன்ன. எனக்கு நெருப்புன்னா பயம். ரோடுன்னா பயம் இல்ல, என்னமோ போ. அதுக்காக நான் இதைச் சுட வேண்டாம்னு சொல்லலடி. சுடு. நெருப்பு வை. இப்ப எனக்கு எதுக்குப் பயம்? கொஞ்ச நாள் கழிச்சு சுடு, அவ்ளோதான் கேக்கறேன்.

— கொஞ்ச நாள்னா? எதுக்கு? என்ன மாறிடும் கொஞ்ச நாள்ல?

— சொன்னா சிரிப்ப.

— யாரு சிரிக்கப் போறா இந்த வீட்டுல?

— இங்க வா. கழுத்துக்குக் கீழ, இந்த வரிசை. அவ அழுத்தி அழுத்திப் போனது. காலையில வந்து ஒவ்வொண்ணுலயும் கட்டைவிரலை வெச்சுட்டுப் போவேன். இதுலேர்ந்து ஆரம்பிச்சு சுத்திக்கிட்டே வருவேன், அவ சுத்தின மாதிரி. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாப்ல இருக்கும். காஞ்சா சுருங்கிப் போகும்னு நீ சொன்னியா, டீயைக் குடுக்கக் கூட மறந்து உள்ள போயிட்டேன்.

— அம்மா, இரு. தினமுமா? ஈரத்துலயா? ஒவ்வொண்ணுலயும் அழுத்தி...

— பெரியவளே. விடு. சொல்லாதே.

— என்னத்தைச் சொல்லாதேங்கறீங்க? நல்லாத்தானே நின்னா, இவ ஏன் இப்ப அழுவுறா? இந்தா பொண்ணே, கேளு. மொத மொத வெச்சப்ப என் விரல் உள்ளயே போகல, அவளுதுதான் குச்சி விரலாச்சே. விடாம வெச்சுக்கிட்டே இருந்தேன், இப்பதான் எல்லாத்துலயும் எனக்குன்னே செஞ்சாப்ல சரியா உக்காருது.