தனுஷாவின் சட்டி

என் இறால் சொதியைப் பற்றிக் கல்லடியில் யாரும் குறை சொன்னதில்லை, சேர். அதை வாயில் வைக்காத ஒரே ஆள் என் தங்கை தனுஷாதான். இறால் பட்டாலே அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் அவளுக்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை. அம்மா செத்த பிறகு பன்னிரண்டு வருடம் அந்த ஒழுங்கை நான் ஒரு நாளும் மாற்றியதில்லை. வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு எனக்குச் சீதனம். என் கணவர் நிதுர்ஷன் என்னைக் கட்டிக்கொண்டு அங்கே வந்தவர். சீனக் கம்பனி ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை. பின்னேரங்களில் தனுஷாவுக்கும் சீனம் சொல்லிக்கொடுத்தார். “உங்கட வீட்டுல எத்தின நாளைக்குக்கா இருக்கிற? உழைச்சு எனக்கும் ஒரு வீடு கட்டோணும்,” என்பாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். எனக்கென்ன வந்தது?

ஒரு பின்னேரம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“என்னகா தனுஷா, இவ்வளவு சிரிப்பு?” என்றேன்.

“புருசன்ல பொஞ்சாதி பொறாமப்பட்டா, சீனத்தில ‘ச்சி ட்சு’ எண்டு சொல்றதாம். வினாகிரி சாப்பிடுறாவாம்! எங்க, நீங்களும் ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்.”

சொன்னேன். அவர் அவளைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் அடுப்படியில் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினேன். ஐந்தாம் நாள் இறால் தலைகளை இடித்துப் பிழிந்து, அவளுடைய சட்டியில் கொதித்த கத்தரிக்காய்க் கறிக்குள் ஊற்றினேன். மணம் தெரியாமலிருக்க உறைப்பைக் கூட்டினேன். நாலு நாள் படுத்துக் கிடந்தால் படிப்பை விட்டுவிடுவாள், அவ்வளவுதான் என் எண்ணம். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குடும்பம் நடத்துகிறவள் சிலதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வாய்ச் சோற்றில் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, சட்டி மாறிட்டா?”

“இல்லகா. உன்ர சட்டிதான்.”

நான் பொய் சொல்லவில்லை, சேர். அவர் ஓட்டோ பிடிக்க ஓடிய நேரத்தில் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஓட்டோ கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. அவர் அவளை மடியில் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார். நான் செத்தால் இப்படி அழுவாரா என்று யோசித்தேன். பிறகு அவளை அவர் மடியிலிருந்து இழுத்து என் மடியில் கிடத்திக்கொண்டேன்.