மூன்று சாதி யோகா

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருசம். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் மற்றவளை ராத்தா என்றாள்.

"எங்கட ஊருக்கும் யோகா பழக்க வாறாங்களாம். அதில எத்தின சாதி இரிக்கி ராத்தா?"

"எங்கட முகாமுக்கு மூணு சாதி வந்திச்சி. முதல் வந்தவ குனி, நிமிரு எண்டு வேர்க்க வேர்க்கச் செய்ய வெச்சா. பிறகு ஒராள் வந்து, சும்மா இருந்து மூச்ச இழுத்து விடச் சொன்னாரு. கடைசியா வந்த வெள்ளக்காரி படுக்கச் சொன்னா."

"படுக்கிறதும் யோகாவா?"

"ஓம். அவ சொல்லுறதத் தமிழ்ல சொல்ல ஒரு புள்ள வந்திச்சி. அது, உசிர் போன மையத்து மாதிரிப் படுங்க எண்டிச்சி. நாங்க எல்லாரும் வலப்பக்கம் சரிஞ்சி, மக்கா இரிக்கிற கிப்லாப் பக்கம் பாத்துப் படுத்தம்."

"கபுறுக் குழியில வெக்கிற மாதிரி."

"வேற எப்பிடிப் படுக்கிற? வெள்ளக்காரிக்கு ஒண்டும் விளங்கல்ல. மல்லாக்கப் படுக்கணுமெண்டு ஒவ்வொருத்தரா வந்து திருப்பினா."

இளையவள் சிரித்தாள். மற்றவள் சன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மட்டும் திரும்பல்ல."

"ஏன் ராத்தா?"

"மகள்ற மையத்து கிடைக்கல்லதானே. மண்ணில வெச்சிருந்தா அவ எப்பிடிக் கிடந்திருப்பாளோ, அப்பிடிக் கொஞ்ச நேரம் கிடந்து பாத்தன்."