முதல் பரிசுக்கு ஒரு பூச்சு

பல் டாக்டரை நடுவராகப் போட்டது தவறு என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாயைத் திறக்கச் சொன்னது போல ஒவ்வொரு படத்தையும் குனிந்து பார்ப்பார். எங்கே பசை தூக்கியிருக்கிறது, எங்கே ஓரம் பிசிறடித்திருக்கிறது என்று விரலால் காட்டுவார். கொலாஜுக்கு அந்தக் கண் வேண்டும் ஐயா. வெட்டி ஒட்டும் வேலையில் எதையும் மறைக்க முடியாது.

சமூகக் கூடத்துக் கண்காட்சிக்கு நாங்கள் மூன்று நடுவர்கள். டாக்டர், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், பள்ளியில் கைவேலை கற்றுக்கொடுத்த நான். மாஸ்டருக்கு எல்லாமே பிரமாதம்தான். அதனால் முடிவு எப்போதும் எனக்கும் டாக்டருக்கும் நடுவில்தான். படங்களில் பெயர் இருக்காது, பின்புறம் ஓர் எண் மட்டும் இருக்கும். யார் செய்தது என்று தெரிந்துவிட்டால் நடுவர் விலகிக்கொள்ள வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான்.

ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்ததுமே அது என் தங்கை செய்தது என்று தெரிந்துவிட்டது. நடுவில் அம்மாவின் பழைய புகைப்படம். அம்மா நாற்காலியில் இருக்கிறாள், மடியில் தங்கை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நான் நின்றிருப்பேன். இதில் நான் இல்லை. நான் நின்ற இடத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த வழியாக ஓர் ஆற்றை ஓட விட்டிருந்தாள். பளபளவென்ற வெள்ளி ஆறு. கிட்டத்தில் பார்த்தால்தான் தெரியும், அத்தனையும் காலி மாத்திரை அட்டைகள்.

அந்த மாத்திரைகளை அம்மாவுக்குக் கொடுத்தவள் நான். அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டேன். புரட்டிப் படுக்கவைத்தது, துடைத்துவிட்டது, ஊட்டியது எல்லாம் நான். தங்கை விடுமுறைக்கு வருவாள். தலையணையில் சாய்ந்தபடி அம்மா அவளோடு பேசிச் சிரிப்பாள். அவள் வண்டி ஏறியதும், "சின்னவ மறுபடி எப்ப வருவா?" என்று கேட்பாள். நான் ஊட்டிய கவளம் வாயில் இருக்கும்போதே கேட்பாள். நான் குறை சொல்லவில்லை. நோயாளிகள் அப்படித்தான்.

அம்மா போன பிறகு தங்கை வீட்டிலிருந்து எதையும் கேட்கவில்லை. புகைப்படங்களையும், ஒரு பையில் சேர்ந்திருந்த காலி அட்டைகளையும் மட்டும் கேட்டாள். "குப்பைதானேக்கா, எனக்குக் குடேன்" என்றாள். கொடுத்தேன். என் வருஷங்களை நறுக்கி அவள் ஆறு விட்டிருக்கிறாள், அதன் கரையில்கூட எனக்கு இடம் விடவில்லை என்பதை நான் பார்க்க வேண்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறாள். அன்று அப்படித்தான் எனக்குப் பட்டது.

நான் விலகவில்லை. டாக்டருக்கு பஸ் டிக்கெட்டுகளால் செய்த குதிரை ஒன்று பிடித்திருந்தது.

"குதிரைக்கே குடுத்துடலாங்க. ஓடற மாதிரியே இருக்கு. அந்த ஆறு என்னவோ ஆஸ்பத்திரி வாடை அடிக்குது."

"குதிரையோட பின்னங்காலைப் பாருங்க டாக்டர், முழங்கால் தப்பான பக்கம் மடங்குது. இந்த ஆத்துல ஒரு துண்டை நகர்த்த முடியுமா, சொல்லுங்க."

டாக்டர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "முடியாதுதான்" என்றார். இரண்டுமே பிரமாதம் என்றார் மாஸ்டர்.

ஆக, என் தங்கைக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்தவள் நான்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை நன்றாக இருந்தது, மதிப்பெண்ணில் நான் பொய் சொல்வதில்லை. அதோடு, முதல் பரிசுப் படத்துக்கு மட்டும்தான் நாங்கள் வார்னிஷ் அடிப்போம்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. பெயிண்ட் அடித்த வீட்டுக்குள் கால் வைத்தால் போதும், உதடு நீலம் பாய்ந்துவிடும். அவளை உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுப்பது என் வேலையாக இருந்தது. அவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவள் புருஷனே எனக்குப் போன் போட்டுத்தான் கேட்பார்.

பரிசளிப்பு அன்று பிற்பகல், மேடைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் படத்தை வைத்து அடித்தேன். ஜன்னல் இல்லாத அறை. தூசி பறந்து ஒட்டக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். ஒரு பூச்சு போதும். நான் டப்பா தீரும்வரை அடித்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

அவள் புதுச் செருப்பு போட்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள்.

"என்னக்கா இது, வாசலுக்கே வாடை வருது?"

"பின்பக்கம் கையெழுத்து போட்டுட்டு வந்துடு. ஒரு நிமிஷம்தான். பையைக் குடு, வார்னிஷ் பட்டுடும்."

பையைக் கொடுத்தாள். அதில்தான் அவள் மூச்சு மருந்து இருக்கும். உள்ளே போகும் முன் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"படத்துல உன்னை வெட்டிட்டேன்னு கோவமாக்கா?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

"உன்னை ஒட்டத்தான் வெட்டினேன். கையில எடுத்ததும் மனசு வரல. பசை தடவிட்டா அப்புறம் எடுக்கவே முடியாதே. பர்ஸ்லயே வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவைச் சாத்தினேன்.

நீங்கள் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், பையிலிருந்த பர்ஸைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. கட்டைவிரல் அளவுக்கு நான், பிளாஸ்டிக் உறைக்குள். பறந்த முடியைக்கூட விடாமல் சுற்றி வெட்டியிருந்தாள். அதற்குப் பக்கத்திலேயே மருந்து இருந்தது. அப்போது அவள் இருமத் தொடங்கியிருந்தாள். கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு முடிவை எடுத்த பிறகு புதுச் சான்று வந்தது என்பதற்காக மாற்றிக்கொண்டே போனால் அதற்குப் பெயர் தீர்ப்பு இல்லை. தவிர, மடியில் இருந்தவள் அவள்தானே. அது மாறவில்லையே.

"அக்கா" என்று கூப்பிட்டாள். பிறகு கதவைத் தட்டினாள். கூடத்தில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நடைவழியில் மாஸ்டர் வந்தார்.

"என்னம்மா, இங்க நிக்கறீங்க? எல்லாரும் தேடறாங்க."

"வார்னிஷ் காயுது மாஸ்டர். திறந்தா தூசி உள்ள போயிடும்."

"பிரமாதம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. வயதாகிவிட்டது, காது அவ்வளவாகக் கேட்பதில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருத்தி. முதலில் நாடி பார்த்தவர் பல் டாக்டர்தான். நிமிராமலே இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் புருஷன் என் தோளில் சாய்ந்து அழுதார், நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அடுத்த வாரம் குழுவில், முதல் பரிசைக் குதிரைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன். அவளுடைய வேலை அவளுடையதுதான்.

எல்லாரும் விபத்து என்று பேசிக்கொண்டார்கள். வார்னிஷ் அடித்தவர்கள் கவனக்குறைவாக இருந்துவிட்டார்கள் என்று எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். அதைப் படித்த பிறகுதான் உங்களிடம் வந்தேன். என் வேலையில் நான் ஒரு நாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை.

இப்போது நீங்கள் வாசித்துக் காட்டியதில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கதவைப் பூட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது ஐயா. தங்கையை உள்ளே வைத்துப் பூட்டுகிற ஆள் நான் இல்லை. உள்ளிருந்து அவள் இழுப்பது நிற்கும்வரை பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.