நல்லா கொதிக்க வச்ச தண்ணி

கிட்ட வாங்க. கரண்ட் இப்போதைக்கு வராது. பிரியந்தி, அந்தக் கதவச் சாத்து... குளுருது.

இது நம்ம தர்ஷனோட மாமா முத்துலிங்கத்துக்கு நடந்தது. பொய்யின்னு நெனச்சா, தர்ஷன் இங்கதான் குந்தியிருக்கான், கேட்டுக்கங்க.

அந்தி ஆறு மணி இருக்கும். அக்கரப்பத்தனைப் பக்கம், சனம் தண்ணி புடிக்கிற பீலிய ஒட்டிப் போற குறுக்குப் பாத. பனி மூடிக் கெடக்கு. மாமா மரக்கறித் தோட்டத்துல வேல முடிஞ்சு தனியா எறங்கி வர்றாரு. அங்க அவருதான் கங்காணி. நல்ல மனுசன்னு பேரு. பேரு மட்டும்தான்.

ஏன்னு சொல்றேன். அந்தத் தோட்டம் தொழிலாளிங்க குடியிருக்கிற லயத்துக்கு மேல இருக்கு. கெழங்குக்கும் லீக்ஸுக்கும் வருசக்கணக்கா உரத்த மூட்ட மூட்டயா கொட்டுனாங்க. மழ பேஞ்சா அது எங்க போகும்? மண்ணுக்குள்ள எறங்கி, பீலிக்கு ஊறி வர்ற தண்ணியில கலந்துருச்சு. லயத்துக்கே குடிதண்ணி அதுதான். பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும்.

தண்ணிய செக் பண்ண வந்தவங்க மாமாகிட்டதான் சொல்லிட்டுப் போனாங்க. கைப்புள்ளைங்களுக்கு இதக் குடுக்கக் கூடாது... கொதிக்க வச்சாலும் உரம் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்... லயத்துல எல்லாருக்கும் சொல்லிருங்கன்னு. மொதலாளி வாய மூடச் சொன்னாரு. இவரும் மூடிக்கிட்டாரு.

கூடப் பொறந்த தங்கச்சி சுதர்ஷினி அதே லயத்துலதான். தாய்ப்பால் பத்தல, பீலித் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்தா. புள்ளைக்கு ஒதடெல்லாம் நீலம் பாயுது. அண்ணன்கிட்ட ஓடுனா.

"அண்ணே, தண்ணிதான் சரியில்லையோ?"

"நல்லா கொதிக்க வச்சுக் குடும்மா. ஒண்ணும் ஆவாது."

சொந்த அண்ணன் சொன்னா எவ நம்பாம இருப்பா? கேத்தல்ல தண்ணி பாதியா சுண்டுற வரைக்கும் கொதிக்க வச்சா. ஒவ்வொரு வேளையும். புள்ள போயிருச்சு. பொறகு மிட்வைஃப் அம்மா சொல்லித்தான் உண்ம தெரிஞ்சுச்சு, அண்ணனுக்கு எல்லாம் தெரியும்னும் தெரிஞ்சுச்சு. அவ அழவே இல்லையாம். சாப்பாட்ட விட்டா... அப்படியே அவளும் செத்துப் போயிட்டா.

அதுக்கப்புறம்தான் மாமா வட்டவளையில பொண்ணெடுத்தாரு. இப்ப அவருக்கும் ஒரு கைப்புள்ள. அதுக்கு மட்டும் டவுன்ல இருந்து போத்தல் தண்ணி வருது. எனக்குப் பேய விட அந்த ஆளு மேலதான் ஆத்திரம்.

சரி... பீலிகிட்ட வர்றாரு. கேத்தல் கொதிக்கிற சத்தம். டக்... டக்... டக்... மூடி ஆடுது. அடுப்பு இல்ல. நெருப்பு இல்ல. பால்மா தீஞ்ச வாசம்... ஒரு பொம்பள முதுகக் காட்டிக்கிட்டு குந்தியிருக்கா. திரும்பல.

"அண்ணே... இன்னும் கொதிக்கணுமா?"

எடுத்தாரு ஓட்டம். செருப்பு எங்க விழுந்துச்சுன்னே தெரியல. வீட்டுக்குள்ள போய் விழுந்தா... பொண்டாட்டி புள்ளைய மடியில போட்டு சூப்பிப் போத்தல்ல பால் குடுத்துக்கிட்டு இருக்கா. போத்தல் பாதி காலி.

"டவுன் தண்ணி தீந்துருச்சுங்க," ன்னா. "நல்ல நேரத்துக்கு யாரோ ஒரு அக்கா கேத்தலோட வந்து ஊத்திட்டுப் போனாங்க. அண்ணன் சொன்ன மாதிரியே நல்லா கொதிக்க வச்சதுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."