கையெழுத்துக்குக் காத்திருக்கும் திருஷ்டி பொம்மை

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில், பையின் ஜிப் மூடியிருக்கிறதா என்று நான் மறுபடியும் தடவிப் பார்த்தபோது எதிரே இருந்த அம்மா பக்கத்திலிருந்த தன் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"பொம்மைய கழட்டினாதான் அந்த ஆபீசர் கையெழுத்து போடுவாராமா?"

"ஆமா. திருஷ்டி பொம்மை தொங்குனா வீட்டு வேலை முடியலன்னு அர்த்தமாம். எழுதிக்கினு போயிட்டாரு."

"முடிஞ்சிதான் ரெண்டு மாசம் ஆவுதே."

"வேலை முடிஞ்சிதுன்னு அவரு தர்ற சர்டிபிகேட் இல்லாம மாடிக்கு கரண்ட் தர மாட்டாங்க. பொண்ணு பிரசவத்துக்கு வருது. ஃபேன் வேணாவா?"

"அது வர்ற நேரத்துல கழட்டத்தாங்க பயமா இருக்குது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய காஞ்சிபுரத்தில் இறங்கும்போதுதான் அந்த அம்மா மறுபடி பேசினார்.

"சரி, கழட்டுங்க. அவரு கையெழுத்து போட்டுட்டு தெருமுனை தாண்டினதும் திரும்ப கட்டிடுங்க."

"அவரு போன அப்புறம் எதுக்குடி கட்டணும்?"

"நம்ம மாடிய மூணு தடவ அண்ணாந்து பாத்தவரு அவரு ஒருத்தர்தான்."